தொட்டியில் ஒரு நுரையீரல் ஏடு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

புகைத்துகள்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், அவை ‘லிப்பிட் அடுக்கைத் துளைத்துக்கொண்டு செல்லுக்குள் செல்கின்றன’ என்று எழுதியிருந்தீர்கள். அதற்குச் சான்றாகக் காட்டிய சோதனைகள் அனைத்தும் தண்ணீர்த் தொட்டியில் பரப்பிய செயற்கையான லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு) அடுக்குகளில் செய்யப்பட்டவை. புரதமும் உயிரும் இல்லாத ஓர் ஏட்டில் நடப்பதை நுரையீரலுக்கு எப்படிப் பொருத்துவது? நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

‘துளைத்துக்கொண்டு’ என்று நான் எழுதியது தவறு. செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். பி.எம். 2.5 என்று நாம் அளக்கும், காற்றிலுள்ள நுண்துகள்களில் பெரியவற்றின் விட்டம் 2,500 நானோமீட்டரை எட்டும். சவ்வின் தடிமனைவிட ஐந்நூறு மடங்கு பெரிய ஒன்று ஊசிபோல் அதைக் குத்திச் செல்வதில்லை. அத்தகைய துகளைப் பெரும்பாலும் செல்தான் சுற்றி வளைத்து விழுங்குகிறது.

ஆனால் தொட்டிச் சோதனைக்கு நுரையீரலைப் பற்றிப் பேசத் தகுதியில்லை என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. நுரையீரலின் காற்று நுண்ணறைகளின் உட்புறத்தை மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்த நீர் காற்றைச் சந்திக்கும் பரப்பில், நீரை விரும்பும் தலை நீரிலும் நீரை ஒதுக்கும் வால்கள் காற்றிலுமாக லிப்பிட் மூலக்கூறுகள் ஒற்றை அடுக்காக நிற்கின்றன. தொட்டியில் நாம் பரப்புவதும் இதே அமைப்பைத்தான். அவ்வளவு ஆழம் வந்து சேரும் துகள், எந்தச் செல்லையும் தொடுவதற்கு முன் இந்த அடுக்கைத்தான் தொடுகிறது.

உடல் வெப்பநிலையில் தூய நீரின் பரப்பு இழுவிசை (பரப்பைச் சுருக்க முயலும் விசை) மீட்டருக்கு ஏறத்தாழ 70 மில்லிநியூட்டன். மூச்சை வெளிவிட்டு நுண்ணறைகள் சுருங்கும்போது, நெருக்கமாக அடுக்கப்பட்ட லிப்பிட்கள் அதைப் பூஜ்ஜியத்துக்கு அருகில் கொண்டுவருகின்றன. இல்லாவிட்டால் அந்த அறைகள் மூடிக்கொள்ளும். இதை நமக்குக் காட்டியதும் தொட்டிதான். 1957இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளெமென்ட்ஸ், நுரையீரலிலிருந்து எடுத்த சாற்றைத் தொட்டியில் பரப்பி, பரப்பளவைக் குறுக்கியும் விரித்தும் இழுவிசையை அளந்தார். 1959இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் இவ்வழியிலேயே சென்று, குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இழுவிசையைக் குறைக்கும் இந்தப் பொருள் போதாமலிருந்ததைக் கண்டனர். 1980இல் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து உருவாக்கிய மாற்றுப் பொருளை அத்தகைய பத்துக் குழந்தைகளுக்குச் செலுத்திப் பயன் கண்டதாக அறிவித்தார். உயிரில்லாத ஏடு என்று நீங்கள் ஐயுற்றது, குழந்தைகளை உயிரோடு வைத்திருக்கும் மருந்துக்கு வழிகாட்டியது. (இந்த வகைத் தொட்டியின் முன்னோடி, பல்கலைக்கழகம் செல்லாத ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் தம் வீட்டிலேயே அமைத்தது. அவர் இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. உங்கள் மாணவியிடம் இதையும் சொல்லுங்கள்.)

துகள் அந்த அடுக்கில் விழுந்தால் என்ன ஆகும் என்பது அதன் பரப்பைப் பொறுத்தது. நீரை ஒட்டாத துகள் வால்களுக்கிடையே தங்கி, மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கப்படுவதைக் குலைக்கிறது; நீரை விரும்பும் துகள் கீழே நீருக்குள் இறங்கும்போது லிப்பிட்களைத் தன்மேல் போர்த்திக்கொண்டு போகிறது. இரண்டிலும் அடுக்கு பலவீனப்படக்கூடும். புகைக்கரி இன்னொன்றையும் சுமந்து வருகிறது: பென்சோபைரீன் போன்ற, நீரில் அரிதாகவே கரையும் கரிமச் சேர்மங்கள். அவற்றுக்கு லிப்பிட் வால்கள் நல்ல கரைப்பான். ஆகவே துகள் எங்கும் நுழையாமல் பரப்பிலேயே கிடந்தாலும், அதன்மேல் படிந்திருந்த நஞ்சு கரைந்து நகர முடியும். இதை உங்கள் மாணவர்களுக்குக் கரைதிறன் பாடத்தோடு சேர்த்தே விளக்கலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் கவலை தருவதும் இதுதான்.

உங்கள் ஐயத்துக்கு முழு வலு இருக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டிகளில் பெரும்பாலும் டிபிபிசி என்ற ஒரே லிப்பிட்டையோ, சிலவற்றின் கலவையையோ பரப்புகிறார்கள். மெய்யான நுரையீரல் ஏட்டில் பல லிப்பிட்களும் புரதங்களும் உண்டு. அது ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. துகள்களை விழுங்கி அகற்றும் செல்களும் அங்கே காவலிருக்கின்றன. வழியில் துகள்மேல் புரதங்கள் படிந்து அதன் நடத்தையையே மாற்றிவிடலாம். எனவே எவ்வளவு துகளை எத்தனை ஆண்டு சுவாசித்தால் நோய் வரும் என்று தொட்டியைக் கேட்கக் கூடாது. அதை மக்களிடையே நெடுங்காலம் நடத்தப்படும் ஆய்வுகளிடம்தான் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5க்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவைக் கன மீட்டருக்கு 10இலிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது அத்தகைய சான்றுகளின் அடிப்படையில்தான். கேடு எந்த வழியாக நிகழக்கூடும் என்பதற்கு மட்டும் தொட்டி பதில் சொல்கிறது.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். ‘நுரையீரலின் லிப்பிட் அடுக்கில் படிந்து, அதன் நெருக்கத்தைக் குலைத்து, சுமந்து வந்த சேர்மங்களை அதில் கரையவிடக்கூடும்’ என்று இப்போது இருக்கிறது. மாணவிக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள்.