மகள் ‘கம்பாட்டிபிலிட்டி லேயர்’ எழுதுகிறார்: பெற்றோர் கேட்க வேண்டியதும் மாணவி செய்ய வேண்டியதும்

மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கும் மகள் இரவெல்லாம் லேப்டாப் முன்னால் இருக்கிறார். திரையில் ஏதோ ஒரு கேம் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. கேட்டால், விண்டோஸ் கேமை லினக்ஸ் என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட வைக்கும் ‘கம்பாட்டிபிலிட்டி லேயர்’ என்ற இடை மென்பொருளை எழுதுகிறேன் என்கிறார். இது படிப்பா, விளையாட்டா, இதை வைத்து வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

படிப்புதான். ஆபரேட்டிங் சிஸ்டம், கம்பைலர், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் சந்திக்கும் வேலை இது. ஆனால் இது சம்பளமாக மாற ஒரு நிபந்தனை உண்டு. அவர் எழுதிய திருத்தம் ஒன்றாவது அவருடைய லேப்டாப்பை விட்டு வெளியே போய், அந்த மென்பொருளின் மூலத் திட்டத்தை நடத்துபவர்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்.

விண்டோஸ் கேம் ஒன்று, கோப்பைத் திறக்கவும் படம் வரையவும் ஒலி எழுப்பவும் விண்டோஸ் தரும் டிஎல்எல்களை (தயார் நிரல் கோப்புகளை) அழைக்கிறது. லினக்ஸில் அவை கிடையாது. அதே பெயரில், அதே பதில் தரும் டிஎல்எல்களைப் புதிதாக எழுதிக் கொடுப்பதுதான் வைன் என்ற திட்டம். 1993இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அதன் மேல் கட்டிய புரோட்டான் என்ற லேயரை, ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில் ஓடுகிறது. அதில் விண்டோஸ் கேம்கள் ஓடுவது புரோட்டானால்தான். 2023இல் ஆப்பிள் வெளியிட்ட கேம் போர்டிங் டூல்கிட்டிலும் வைன் குடும்பத்தின் நிரல்தான் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பணம் போடும் துறை இது.

வேலை வாய்ப்பை மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். நேரடியாக வைனில் வேலை செய்யச் சம்பளம் தரும் இடங்கள் மிகக் குறைவு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள கோட்வீவர்ஸ் முதன்மையானது. வால்வுக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கொலாபோரா, இகாலியா போன்ற நிறுவனங்கள் லினக்ஸ் கெர்னல், கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் ஆள் எடுக்கின்றன. இவர்கள் பார்ப்பது மதிப்பெண் பட்டியலை அல்ல, ஏற்கப்பட்ட பேட்ச்களை, அதாவது திருத்தங்களை. விண்டோஸின் கிராபிக்ஸ் வழியான டைரக்ட்3டி அழைப்புகளை, லினக்ஸிலும் ஓடும் கிராபிக்ஸ் வழியான வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே, பிலிப் ரெபோலே தனி ஆளாகத் தொடங்கிய திட்டம். புரோட்டான் வெளிவரும் முன்பே வால்வ் அதற்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. அப்படி நடக்கலாம் என்பதற்கு அது சான்று. எல்லோருக்கும் நடக்கும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடக் கூடாது.

வாசல் அகலமாக இருப்பது பக்கத்துத் துறைகளில். பெங்களூரு, ஹைதராபாத், சென்னை நகரங்களில் குவால்காம், ஏஎம்டி, என்விடியா, இன்டெல் போன்றவை ஜிபியு டிரைவர், ஃபர்ம்வேர், கம்பைலர், சிஸ்டம் சாஃப்ட்வேர் வேலைகளுக்கு ஆள் எடுக்கின்றன. அந்த நேர்காணல்களில் கேட்கப்படும் விர்ச்சுவல் மெமரி, பாயின்டர், த்ரெட்களை ஒத்திசைத்தல், ரெஜிஸ்டர் எல்லாம் இந்த வேலையில் தினமும் கையில் வரும்.

கண்காணிக்க வேண்டியது ஒன்றுதான்: அரியர். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவைப் பாடம் இருந்தால் முதல் வடிகட்டலிலேயே நிறுத்திவிடும். பேட்ச் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். லேப்டாப்பைப் பிடுங்க வேண்டாம். மாதம் ஒருமுறை மூன்று கேள்வி கேளுங்கள். எந்த கேம், எந்த இடத்தில் நிற்கிறது? காரணம் என்று நீ நினைப்பதை எப்படிச் சோதித்தாய்? வெளியே எங்கே அனுப்பியிருக்கிறாய்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்தால் அவரை விட்டுவிடுங்கள். தொடர்ந்து பல மாதம் ‘இன்னும் செட்டிங்ஸ் மாற்றிப் பார்க்கிறேன்’ என்பதே பதிலானால், அவர் கற்பது நின்றுவிட்டது.

இனி வருவது மாணவிக்கு.

முழு லேயரை முதலிலிருந்து எழுதும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் பலர் சேர்ந்து செய்தும் முடியாத வேலை அது. ஆனால் ஒரு குட்டி லேயரை நீங்களே எழுதுவது கட்டாயம் தேவை. அது இல்லாமல் வைனின் மூல நிரலைத் திறந்தால் எதுவும் பிடிபடாது.

மிங்டபிள்யூ-டபிள்யூ64 கம்பைலரால் ஒரு 64 பிட் விண்டோஸ் நிரலை உருவாக்குங்கள். சி ரன்டைம் சேர்க்காமல், கெட்ஸ்டிடிஹேண்டில், ரைட்ஃபைல், எக்ஸிட்ப்ராசஸ் ஆகிய மூன்றை மட்டும் அழைத்து ஒரு வரி அச்சிடட்டும். இதை லினக்ஸில் ஏற்றும் லோடரை சி மொழியில் எழுதுவதுதான் பயிற்சி. கோப்பின் தொடக்கத்திலிருந்து 60 பைட் தள்ளி ஒரு எண் இருக்கும். பிஇ (விண்டோஸ் நிரல் கோப்பின் வடிவம்) தலைப்பு எங்கே என்பதை அது சொல்லும். தலைப்பில் உள்ள மொத்த அளவுக்கு எம்மேப் (mmap) என்ற லினக்ஸ் அழைப்பு மூலம் நினைவகம் எடுத்து, ஒவ்வொரு செக்‌ஷனையும் அதற்குரிய முகவரியில் வையுங்கள். கேட்ட அடிப்படை முகவரி கிடைக்காவிட்டால் ரீலொகேஷன் அட்டவணையைப் படித்து முகவரிகளைத் திருத்த வேண்டும். பிறகு, வெளியிலிருந்து வேண்டிய ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் இம்போர்ட் அட்டவணையில் அந்த மூன்று பெயர்களுக்கும் உங்கள் சொந்த ஃபங்ஷன்களின் முகவரியை எழுதி, தொடக்கப் புள்ளிக்குத் தாவுங்கள்.

பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே விழும். விண்டோஸ் முதல் நான்கு மதிப்புகளை ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9 ரெஜிஸ்டர்களில் அனுப்புகிறது. அழைப்பவர் ஸ்டாக்கில் 32 பைட் காலியிடமும் விட வேண்டும். லினக்ஸில் வரிசை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ் என்று போகும். உங்கள் ஃபங்ஷன்களுக்கு எம்எஸ் ஏபிஐ (ms_abi) என்ற பண்பைக் கொடுக்காவிட்டால் ஹேண்டிலுக்குப் பதில் குப்பை வந்து சேரும். இதைத் தாண்டி சி ரன்டைமைச் சேர்த்தால் இன்னொரு இடத்தில் விழும். விண்டோஸ் நிரல் தன் த்ரெட் விவரத்தை ஜிஎஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டர் வழியாக 48 பைட் தள்ளித் தேடும். லினக்ஸில் அங்கே ஒன்றும் இருக்காது. ஆர்ச் பிஆர்சிடிஎல் (arch_prctl) என்ற சிஸ்டம் கால் மூலம் ஜிஎஸ்ஸை நீங்கள்தான் அமைக்க வேண்டும்.

இன்னும் சில பொறிகள். 64 பிட் விண்டோஸில் லாங் 32 பிட், லினக்ஸில் 64 பிட். அகல எழுத்து வகை அங்கே 16 பிட், இங்கே 32 பிட். நினைவகம் ஒதுக்கும்போது விண்டோஸ் முகவரிகளை 64 கேபி எல்லையில் தரும். எம்மேப் 4 கேபி எல்லையில் தரும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது. இந்த ஒவ்வொன்றையும் வைன் எப்படிச் சமாளிக்கிறது என்று தேடிப் படித்தால், ஒரு மினி புராஜெக்ட் அறிக்கைக்கு வேண்டிய உள்ளடக்கம் தானாகச் சேர்ந்துவிடும். 

அடுத்த கட்டம் சொந்த புரோட்டான் பில்ட். 16 ஜிபி ரேம், 100 ஜிபி காலியிடம், வல்கன் 1.3 தரும் ஜிபியு வைத்துக்கொள்ளுங்கள், டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 இல்லாமல் வேலை செய்யாது. ஸ்னாப் வழி வரும் ஸ்டீமைத் தவிர்த்து, வால்வ் தரும் டெப் பேக்கேஜைப் போடுங்கள். புரோட்டான் ரெப்போவைச் சப்மாட்யூல்களோடு சேர்த்து இறக்க வேண்டும். அதை மறந்தால் வைன் கோப்புறையே காலியாக இருக்கும். பில்ட் டாக்கர் அல்லது பாட்மேன் கன்டெய்னருக்குள் நடக்கும். முதல் முறை பல மணி நேரம் ஆகலாம், முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிசேஷ் இருந்தால் அடுத்தவை விரைவாக முடியும். தனிப் பெயர் கொடுத்து உருவாக்கி, ஸ்டீமின் கம்பாட்டிபிலிட்டிடூல்ஸ்.டி கோப்புறையில் வைத்து, ஸ்டீமை மூடித் திறந்தால்தான் பட்டியலில் வரும்.

கேம்களையும், ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் உருவாக்கும் போலி விண்டோஸ் கோப்புறையான பிரீஃபிக்ஸையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். பிரீஃபிக்ஸுக்குள் ‘சி:’ என்ற பெயரில் ஒரு இணைப்பு உருவாகும். முக்காற்புள்ளி உள்ள பெயர் அங்கே சிக்கல் தரும். பிரீஃபிக்ஸை அழிக்கும் முன் அதன் யூசர்ஸ் கோப்புறையை நகலெடுங்கள், பல கேம்களின் சேவ் அங்கேதான் இருக்கும்.

எந்த கேமை எடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள ஆன்லைன் கேம் வேண்டாம். ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021இலேயே புரோட்டானுக்கு வழி திறந்தன. ஆனால் அதை அனுமதிப்பது கேம் நிறுவனத்தின் கையில். அங்கே நீங்கள் எழுதும் நிரலால் ஆவது ஒன்றுமில்லை, கணக்கு முடக்கப்படும் ஆபத்தும் உண்டு. தனியாள் ஆடும், பழைய, சிறிய கேம் ஒன்றை எடுங்கள். முன்பு ஓடி, வைனின் புதிய பதிப்பில் உடைந்துபோனது கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கு, கமிட்களை (பதிவான நிரல் மாற்றங்களை) பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் போதும்: இரண்டு பதிப்புகளுக்கு இடையே 300 கமிட் இருந்தால் ஒன்பது பில்டுக்குள் உடைத்த கமிட்டைப் பிடித்துவிடலாம். புதியவர் ஒருவர் முதலில் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது இல்லை என்பது எங்கள் கருத்து. அந்த ஒரு கமிட்டின் அடையாளத்தோடு பதிவான பிழை அறிக்கையை மூத்த டெவலப்பர்கள் மதித்துப் படிப்பார்கள்.

எங்கே நிற்கிறது என்று பார்க்க, ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷனில் புரோட்டான் லாக் (PROTON_LOG) மாறியை 1 ஆக்குங்கள். ஹோம் கோப்புறையில் கேமின் எண்ணோடு ஒரு லாக் கோப்பு வரும். எந்த டிஎல்எல் ஏறவில்லை, எங்கே எக்ஸெப்ஷன் எழுந்தது என்பதை முதலில் பாருங்கள். எல்லா அழைப்பையும் காட்டும் ரிலே சேனலைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். லாக் ஜிபி கணக்கில் வீங்கும், வேகம் குறைந்து பிழையே மறைந்துவிடுவதும் உண்டு. கேமின் நடுவே வரும் வீடியோவின் இடத்தில் வண்ணப் பட்டைகள் வந்தால் அது மீடியா டிகோடிங் பிரச்சினை, கிராபிக்ஸ் அல்ல. புதிய பெரிய கேம் தொடக்கத்திலேயே விழுந்தால், ஒரு நிரல் எத்தனை நினைவகத் துண்டுகளை வைத்துக்கொள்ளலாம் என்ற கெர்னல் வரம்பான விஎம் மேக்ஸ் மேப் கவுன்ட் (vm.max_map_count) இன்னும் பழைய 65530இல் இருக்கிறதா என்று பாருங்கள். பல லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (வெளியீடுகள்) அதை 1048576க்கு உயர்த்திவிட்டன.

திருத்தம் எழுதும் முன் வைனின் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், இதில் விளையாட்டே கூடாது. விண்டோஸின் கசிந்த மூல நிரலை (2004இலும் 2020இலும் கசிந்தது) ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் டிஎல்எல்களைப் பிரித்துப் படிக்கவும் வேண்டாம். பார்த்தவரின் நிரலை வைன் ஏற்காது. வெளியிலிருந்து டெஸ்ட் எழுதி, விண்டோஸ் என்ன பதில் தருகிறது என்று கண்டறிவதே அனுமதிக்கப்பட்ட வழி. வைனின் டெஸ்ட்பாட் அந்த டெஸ்டை விண்டோஸின் பல பதிப்புகளில் ஓட்டிக் காட்டும். வைன் இன்னும் சரியாகச் செய்யாத இடத்தை டூடூ_வைன் என்று குறியிட்டு, முதல் கமிட்டில் டெஸ்டையும் அடுத்த கமிட்டில் திருத்தத்தையும் வையுங்கள். கமிட் தலைப்பில் முதலில் டிஎல்எல் பெயர் வர வேண்டும். உங்கள் உண்மைப் பெயரில் அனுப்புங்கள். ஒரு கேமின் பெயரைச் சோதித்து அதற்கு மட்டும் தனி வழி போடும் நிரல் வைனில் ஏறாது. அப்படிப்பட்டவை புரோட்டானின் கிளையிலோ உங்கள் சொந்த பில்டிலோ இருக்கலாம்.

அனுப்பும் காலமும் முக்கியம். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரியில் ஆண்டுப் பதிப்பு வரும்வரை வைனில் பிழைத் திருத்தம் மட்டுமே ஏறும், புதிய வசதி நின்றுவிடும். செமஸ்டர் தேர்வும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வருகிறது. ஆகவே செப்டம்பர், அக்டோபரில் அனுப்பிவிட்டுப் படிக்கப் போங்கள். விமர்சனம் வந்தால் அதே மெர்ஜ் ரிக்வெஸ்டில் (உங்கள் திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் பதிவில்) திருத்தி மறுபடி தள்ளுங்கள். புதிதாக ஒன்று திறக்காதீர்கள். பதில் வராத இரண்டு வாரத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரெஸ்யூமேயில் ‘லினக்ஸ் கேமிங் ஆர்வம்’ என்று எழுதினால் யாரும் அதில் நிற்க மாட்டார்கள். எந்த டிஎல்எல்லில் எந்த ஃபங்ஷன் தவறாக நடந்தது, எந்த டெஸ்டால் நிரூபித்தீர்கள், ஏற்கப்பட்ட கமிட் எது என்று இரண்டு வரி எழுதி இணைப்பைக் கொடுங்கள். அதன் கீழே குட்டி லோடரின் ரெப்போ இருக்கட்டும். நேர்காணலில் அதைத் திறந்து, ஜிஎஸ் ஏன் காலியாக இருந்தது என்று கேட்பார்கள். பேப்பரில் ஸ்டாக்கை வரைந்து விளக்கும் அளவுக்குத் தயாராகிப் போங்கள்.