எண்ணெய் பாட்டிலில் தேதி எழுதுங்கள்

கேள்வி: "தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். மாமியாரோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர். சம்பளம் வந்ததும் மாதச் சாமான் முழுவதையும் ஒரே நாளில் வாங்கிவிடுவோம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதிலிருந்து நான் பாதிச் சோறுதான் போட்டுக்கொள்கிறேன். மூன்று மாதமாகியும் ஒரு கிலோ கூட இறங்கவில்லை. கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? என் கணவருக்குக் கூல்டிரிங்க் இல்லாமல் சனிக்கிழமை பிரியாணி இறங்காது. போன மாத ரசீதையும் அனுப்பியிருக்கிறேன்."

பதில்: பட்டியல் வேண்டாம், சகோதரி. நான் எழுதிக் கொடுத்த பட்டியல்கள் பல வீடுகளில் குளிர்பெட்டிக் கதவில் தொங்குவதோடு சரி. உங்கள் ரசீதே எனக்குப் போதும்.

அதில் 2 லிட்டர் எண்ணெய் மூன்று இருக்கிறது. ஆறு லிட்டரை ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கு போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லி, கிட்டத்தட்ட மூன்று மேசைக்கரண்டி. இது சுமார் 325 கலோரி. ஒரு கப் சோற்றில் இருப்பது ஏறத்தாழ 200 கலோரிதான். நீங்கள் சோற்றைப் பாதியாக்கினீர்கள். குழம்போடும் பொரியலோடும் தட்டுக்கு வந்ததை யாரும் எண்ணவில்லை. பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொட்டுவோமே என்பீர்கள். நம் வீடுகளில் அதை யார் கொட்டுகிறார்கள்? மறுநாள் தாளிப்புக்கு எடுத்துவைப்போம்.

சர்க்கரை 2.5 கிலோ பை இரண்டு. அதே பங்கீட்டில் ஆளுக்கு 33 கிராம், எட்டுத் தேக்கரண்டி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட்டையும் கூல்டிரிங்கையும் நான் இன்னும் தொடவேயில்லை.

ஆகவே அடுத்த மாதம் ஒன்று செய்யுங்கள். எண்ணெய் இரண்டு பாட்டில், சர்க்கரை ஒரு பை. பாட்டிலைத் திறக்கும் நாளில் அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். ஒரு பாட்டில் பதினைந்து நாள் வர வேண்டும். ஆளுக்கு 27 மில்லியாகிவிடும். தினம் 110 கலோரியளவு குறையும். யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. மாமியார் தேதியைப் பார்த்து யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டால் சிரித்துச் சமாளியுங்கள். வீட்டில் யாராவது சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், அவருடைய சோற்றையும் இனிப்பையும் வெட்டுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக் கூடும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எடை கூடுவது பெரும்பாலும் அங்கேதான். முதல் வாரம் கீரையும் காயும் இருக்கும். இரண்டாவது வாரம் மிச்சக் கீரை மஞ்சளாகிவிடும். மூன்றாவது வாரத்தில் வீட்டில் என்ன இருக்கும்? உருளைக்கிழங்கு, ரொட்டி, அரிசி, எண்ணெய். அந்த வாரம் நீங்கள் சிப்ஸ் பொரிப்பது வாய் ருசிக்காக அல்ல, வேறு வழியில்லாததால். அரிசி, பருப்பு, சுகர் பீன்ஸ் என்னும் காய்ந்த பீன்ஸ், டின் மீன் இவற்றை மாதத்துக்கு ஒரு தடவை வாங்குங்கள். காய்க்கான பணத்தை மட்டும் நான்கு உறையில் பிரித்துவைத்து, வாரக் கடைசியில் உங்கள் சாட்ஸ்வர்த்திலேயே இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட் என்ற காய்ச்சந்தைக்குப் போய் வாருங்கள். சுரைக்காய், கத்தரி, வெண்டை, ஹெர்ப்ஸ் என்று நாம் கேட்டு வாங்கும் கீரைக்கட்டு. மடும்பி என்னும் சேப்பங்கிழங்கும் வாங்கலாம், ஆனால் அது உருளைக்கிழங்குக்கு அண்ணன். காய்க் கணக்கில் சேராது, சோற்றுக் கணக்கில் சேரும். போக முடியாத வாரத்துக்கு உறைந்த காய்கறிப் பை இரண்டு குளிர்பெட்டியில் இருக்கட்டும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்; ஐந்து நாள் வாடிய பீன்ஸைவிட அது மேல்.

காய், பழம், முட்டை, பால், பருப்பு, டின் பில்சர்ட் மீன், பிரவுன் ரொட்டி இவற்றுக்கு இங்கே 15 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு) வரி கிடையாது. வெள்ளை ரொட்டிக்கு உண்டு. வரி இல்லாததெல்லாம் உடம்புக்கு நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையல் எண்ணெயும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. பிரவுன் ரொட்டியிலும் நிறத்தைப் பார்க்காமல், இரண்டு ரொட்டியின் லேபிளைப் பக்கத்தில் வைத்து, 100 கிராமில் நார்ச்சத்து எதில் அதிகம் என்று பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை விட்டுவிடுங்கள். அது கம்பெனி தன் வசதிக்குப் போட்ட அளவு. லேபிளில் உள்ள கிலோஜூலை 4.2ஆல் வகுத்தால் கலோரி.

பசியோடு கடைக்குப் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். அதைவிட எனக்குப் பயம், இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம் என்ற ஸ்பெஷல். என் விதி எளிது: இரவு ஒன்பது மணிக்கு அலமாரிக்குள்ளிருந்து கூப்பிடாத பொருளை மட்டும் ஸ்பெஷலில் வாங்குவேன். பருப்பு கூப்பிடாது, சோப்பு கூப்பிடாது. கிரீம் பிஸ்கட் கூப்பிடும்.

புரட்டாசியிலும் ரசீதை எடுத்துவையுங்கள். இறைச்சி இல்லாத மாதம் என்பதால் உடம்பு இளைக்கும் என்று நம்புகிறோம். பூரி, வடை, உருளைக்கிழங்கு என்று போவதால் என் வீட்டிலேயே அந்த மாதம் எண்ணெய் ஒரு பாட்டில் கூடுதலாகிறது.

இனி உங்கள் கணவரின் கூல்டிரிங்க். 2018 ஏப்ரலிலிருந்து, 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள இனிப்புப் பானங்களுக்கு இங்கே தனி வரி. முழுப் பழச்சாறுக்கு அந்த வரி இல்லை. அதனால் அதில் சர்க்கரையும் இல்லை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். கூல்டிரிங்க் லேபிளில் 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்றிருந்தால் 2 லிட்டர் பாட்டிலில் 200 கிராம், ஐம்பது தேக்கரண்டி. திறந்த பாட்டிலில் காஸ் போய்விடுமே என்று எல்லோரும் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றி முடிப்பது வேறு. மாதச் சாமானில் அதைச் சேர்க்காதீர்கள். சனிக்கிழமை பிரியாணி அடுப்பில் இருக்கும்போது அவரே போய் ஒரு சின்ன டின் வாங்கி வரட்டும். கார் சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.