இருட்டு விளையாட்டுக்கு எந்த டார்ச்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி டார்ச் லைட்டைப் பற்றித்தான். லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள், மொட்டை மாடியில் ஐஸ்பாய் ஆடும் கூட்டம், பள்ளி முகாமில் இருட்டில் கொடி பறிக்கும் ஆட்டம். எல்லாரும் கேட்பது, குறைந்த விலையில் நல்ல டார்ச் எது என்றுதான். கடைக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தோட்டக் காவலுக்கு வாங்கும் டார்ச் வேறு, விளையாட்டுக்கு வாங்குவது வேறு. காவல்காரருக்கு எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் நல்லது. ஒளிந்து விளையாடும் பிள்ளைக்கோ ஒளிய இருட்டு வேண்டும். இருபது வருடமாக முகாம்களில் இரவு விளையாட்டு நடத்துகிறேன். அதிக வெளிச்சத்தால் கெட்ட ஆட்டங்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு 10 வயதும் 12 வயதும். ஊரில் மாமா பிள்ளைகளோடு சேர்ந்து டார்ச் அடித்துக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஆடுவார்கள். ஆன்லைனில் 10,000 லூமென் டார்ச் 299 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? (மதுரை வாசகி)

வாங்காதீர்கள். லூமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அந்த எண் உண்மையாக இருக்க வழியே இல்லை. ஒரு நல்ல எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 முதல் 150 லூமென் தரும். 10,000 லூமென் வர வேண்டுமானால் 70 வாட்டாவது இழுக்க வேண்டும். இந்த டார்ச்சுகளுக்குள் இருப்பது பெரும்பாலும் கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு 18650 செல். விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. என்பதால் அந்தப் பெயர். செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதை எம்.ஏ.எச். என்ற அளவில் சொல்வார்கள். நல்ல கம்பெனி செல்லிலேயே பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். சொச்சம்தான், அதாவது சுமார் 13 வாட்-மணி. 70 வாட்டில் எரிந்தால் பதினோரு நிமிடத்தில் காலி. அதற்கு வெகு முன்பே பிடித்திருக்கும் கை சுட்டுவிடும். செல்லின் மேல் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தாலும் இதே கதைதான்.

சரி, எவ்வளவு வேண்டும்? பத்து மீட்டர் தள்ளி வேப்பமரத்துக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் சட்டை நிறம் தெரிய 50 லூமென் தாராளம். 100-க்கு மேல் தேவையில்லை. பெட்டியில் 200 மீட்டர் போகும் என்று போட்டிருந்தால் அதையும் புரிந்துகொள்ளுங்கள். எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி, ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் அந்தத் தூரம் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ்). அது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சத்தின் அளவு. 200 மீட்டருக்குப் போகும் டார்ச் ஒளியை ஒரே இடத்தில் குவித்து அடிக்கும். பக்கவாட்டில் எதுவும் தெரியாது, எதிரில் இருப்பவருக்குக் கண் கூசும். உங்களுக்கு வேண்டியது அகலமாகப் பரவும் மங்கலான ஒளி.

ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். முன்கண்ணாடி மேல் டிரேசிங் பேப்பர் ஒரு துண்டை வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் மட்டும் எரியவிடுங்கள். ஒளி பால் மாதிரி பரவும்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கோடை முகாமுக்கு 36 மாணவர்கள். இரவில் கொடி பறிக்கும் ஆட்டம் வைக்க ஆசை. டார்ச்சுக்கு 6,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எதை வாங்குவது? (ஈரோடு)

சார், 36 வாங்காதீர்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் மைதானம் தேர்த் திருவிழா மாதிரி ஆகிவிடும், ஒளிந்து வர யாருக்கும் வழி இருக்காது. அணிக்கு 18 பேர். அதில் கொடியைக் காக்கும் 6 பேர் கையில் மட்டும் டார்ச் இருக்கட்டும். கொடி எடுக்க வருபவர்கள் வெறுங்கையோடு வரட்டும். பெரியவர்களுக்கு நான்கு. ஆக 16 போதும். ஒன்றுக்கு 200 ரூபாய் வரை போகலாம். மிச்சப் பணத்தில் ரீசார்ஜ் செய்யும் செல்லும் சார்ஜரும் வாங்குங்கள். அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் செலவு இருக்காது.

பதினாறும் ஒற்றைப் பென்சில் செல் போடும் டார்ச்சாக இருக்கட்டும். கடையில் அதிகம் தொங்குவது, மூன்று சின்ன ரிமோட் செல்லைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகிப் போடும் வகை. அதை எடுத்தால் 48 செல். இருட்டில், வியர்த்த கையோடு, ஒரு பையன் மூன்றில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டுவிட்டு "எரியலை சார்" என்று வந்து நிற்பான். கூடும் இரண்டு முறை கீழே விழுந்தால் விரிசல் விட்டுவிடும். ஒற்றைச் செல்லில் இந்தத் தொல்லை இல்லை. 2,000 எம்.ஏ.எச். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் (ரீசார்ஜ் செய்யும் வகை) சுமார் 2.4 வாட்-மணி இருக்கும். 50 லூமென் டார்ச் அரை வாட் சுற்றி எடுக்கும். நான்கு மணி நேரம் ஓடும். உங்கள் ஆட்டம் ஒன்றரை மணி நேரம்தானே? ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். சில டார்ச்சுகள் ரீசார்ஜ் செல்லின் 1.2 வோல்ட்டில் மங்கிவிடும். உங்கள் செல்லையே கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கடையில் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் பின்மூடியைத் திருகிக் கழற்றுவேன். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும். மறையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும், மழைத்துளியும் தூசியும் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். அப்புறம் எரியவிட்டு உள்ளங்கையில் நான்கு தட்டு. ஒரு கணம் மினுக்கினாலும் அந்த டார்ச் வேண்டாம். பிறகு இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்ப்பேன். நடுவில் பளீரென்று ஒரு பொட்டும் சுற்றிலும் கறுப்பும் இருந்தால் விளையாட்டுக்கு உதவாது. கடைசியாகப் பொத்தான். பாதி அழுத்தும்போது எரிந்து, விட்டதும் அணையும் பொத்தான் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். சட்டென்று ஒரு வெட்டு வெளிச்சம் அடித்துவிட்டு மறைவது இந்த ஆட்டத்தின் உயிர். ஒவ்வொரு அழுத்தலுக்கும் முழு வெளிச்சம், பாதி, பிறகு படபடவென்று வெட்டுவது என்று சுற்றும் வகையைத் தவிருங்கள். அந்தப் படபடப்பு சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். மாணவர் யாருக்காவது வலிப்பு உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் இருக்கும் லைட்டே போதாதா? (சென்னை)

வெளிச்சம் போதும். ஆனால் ஓடும்போது கையிலிருந்து விழுந்து உடையும் முதல் பொருள் அதுதான். யாருக்காவது அடிபட்டால் கூப்பிடவும் அதே போன்தான் வேண்டும். அது ஒரு பெரியவரின் பையில் பத்திரமாக இருக்கட்டும்.

சிவப்பு வெளிச்சம் இருந்தால் இருட்டில் கண் நன்றாகத் தெரியும் என்கிறார்களே, உண்மையா? (திருநெல்வேலி)

பாதி உண்மை. இருட்டில் பார்ப்பது விழித்திரையில் இருக்கும் கோல் செல்களின் வேலை. அவற்றில் ரோடாப்சின் என்ற நிறமி ஊறி நிறைய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளீரென்ற வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் அதில் நிறைய வெளுத்து, மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆழ்ந்த சிவப்பு ஒளி அந்த நிறமியை அதிகம் தொடுவதில்லை. அதனால் சிவப்பு டார்ச்சை அணைத்த பிறகும் கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

இதற்கென்று தனி டார்ச் தேவையில்லை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து முன்னால் கட்டுங்கள். வரைபடம் பார்க்க, மதிப்பெண் எழுத அது போதும். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில் நிறங்கள் தெரியாது. முழங்காலில் இரத்தமா சேறா என்று பிரிக்க முடியாது, சருகுக்குள் கிடக்கும் பாம்பையும் பார்க்க முடியாது. நடக்க வெள்ளை வெளிச்சம்தான்.

எங்கள் தோப்பில் விளையாடப் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். பூச்சி பொட்டு பயமாக இருக்கிறது. நல்ல டார்ச் இருந்தால் விடலாமா? (தேனி)

டார்ச் மட்டும் காப்பாற்றாது அம்மா. கட்டுவிரியன் இரவில்தான் இரை தேடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலும் போகலாம், அதுதான் அதன் ஆபத்து. ஓடுகிற பிள்ளை டார்ச்சைத் தூரத்தில்தான் அடிப்பான், காலடியைப் பார்க்க மாட்டான். அதனால் தோப்பு வேண்டாம். களத்துமேடு, பெருக்கிய வாசல், பள்ளி மைதானம் மாதிரி தரை தெரியும் இடத்தில் ஆடட்டும். செருப்பு போதாது, காலை மூடும் ஷூ போட வேண்டும். மட்டைக் குவியல், செங்கல் அடுக்கு, வைக்கோல் போர் இவற்றில் ஒளியக் கூடாது என்பதை ஆட்டத்தின் விதியாகவே வைத்துவிடுங்கள்.

பொழுது சாயும் முன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இடத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். கிணறு, முள்வேலி, குழி எங்கே என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். ஒரு முகாமில் ஒரு பையன் நைலான் கயிற்றில் கழுத்து பட்டு மல்லாந்து விழுந்ததைப் பார்த்தவன் நான். பின்னாலிருந்து ஒருவன் பெரிய டார்ச்சை அடிக்க, இவன் திரும்பிப் பார்த்து, கண் இருண்டு, அந்தக் கயிற்றில் போய் முட்டினான். கழுத்தில் சிவந்து கிடந்த அந்தக் கோடு மறைய ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து கயிறு அவிழாமல் நான் ஆட்டம் தொடங்குவதில்லை.

எது கடித்ததாகச் சந்தேகம் வந்தாலும் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். பிள்ளையை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

கையில் பிடிப்பதா, நெற்றியில் கட்டுவதா? (கோவை)

பிள்ளைகளுக்குக் கையில் பிடிப்பது. நெற்றி லைட் போட்டவர் யாரைத் திரும்பிப் பார்த்தாலும் அவர் கண்ணில்தான் வெளிச்சம் விழும். மேற்பார்க்கும் பெரியவர், முதலுதவிக்கு இருப்பவர் நெற்றியில் கட்டட்டும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

சுவரில் செருகிச் சார்ஜ் போடும் டார்ச் ஒன்று வாங்கினேன். ஒரு வருடம் அலமாரியில் இருந்தது, இப்போது எரியவே இல்லை. யு.எஸ்.பி. வகையும் ஒன்று இருக்கிறது, அது புது போன் சார்ஜரில் ஏறவில்லை. (விழுப்புரம்)

முதலாவதில் பெரும்பாலும் ஈய-அமில பேட்டரி இருக்கும். அதைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே சல்பேட் படிந்து செத்துவிடும். மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டே ஆக வேண்டும். வருடத்தில் பத்து நாள் விளையாட எடுப்பவர்களுக்கு அது சரிப்படாது.

இரண்டாவது அநேகமாக நன்றாகவே இருக்கும். மலிவான டைப்-சி டார்ச்சுகளில் சார்ஜரோடு பேசும் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜர் மின்சாரத்தையே விடாது. பழைய செவ்வக முனை சார்ஜரும் அதற்கான கேபிளும் போட்டுப் பாருங்கள், ஏறும்.

பக்கத்து வீட்டுப் பையன் என் மகள் முகத்தில் டார்ச் அடித்துவிட்டான். கொஞ்ச நேரம் பச்சைப் பச்சையாகப் புள்ளி தெரிந்ததாம். கண்ணுக்கு ஆபத்தா? (திருச்சி)

சாதாரண டார்ச் என்றால் அந்தப் புள்ளி சில நிமிடத்தில் போய்விடும். மறுநாளும் புள்ளியோ மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் முகாமில் விதி இதுதான்: இடுப்புக்குக் கீழே அடித்து, பெயரைச் சொன்னால்தான் அவுட். முகத்தில் அடித்தால் அடித்தவனே அவுட். ஒரு நாள் போதும், பிள்ளைகள் பழகிவிடுவார்கள். லேசர் லைட் மட்டும் எந்த விலையிலும் வேண்டாம், அது விழித்திரையில் நிரந்தரத் தழும்பு போட்டுவிடக்கூடியது.

பட்டன் செல் போட்ட சாவிக்கொத்து டார்ச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் கைக்குழந்தையோ தவழும் பிள்ளையோ இருந்தால் அதை வாங்காதீர்கள். லித்தியம் பட்டன் செல்லை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாலை மழையில் நனைந்தால் கெட்டுவிடுமா? (யாழ்ப்பாணம்)

டோர்ச் பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்று இருந்தால் தூறலுக்குத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். விளையாட்டுக்கு 4 போதும். உங்கள் ஊரில் நிலவில் கிளித்தட்டு ஆடுவார்களே, அந்த இரவுகளுக்கு டோர்ச்சே வேண்டாம்.

அப்பாவின் பழைய பித்தளை டார்ச், இரண்டு பெரிய கட்டை போடுவது. உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பல்பும் போய்விட்டது. பிள்ளைகள் விளையாடுவதற்கு அதைச் சரிசெய்ய முடியுமா? (தஞ்சாவூர்)

முடியும், செய்யுங்கள். கசிந்த செல்லைக் கையுறை போட்டு வெளியே எடுங்கள். அது அல்கலைன் செல்லாக இருந்தால், பஞ்சில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் அந்த வெள்ளைப் பூச்சு கரையும். சாதாரணக் கட்டை என்றால் ஈரத்துணியே போதும். ஒரு நாள் முழுக்கத் திறந்து உலரவிட்டு, ஸ்பிரிங்கையும் பல்பின் அடியில் தொடும் தகட்டையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேயுங்கள்.

பல்புக்குப் பதிலாக, அதே பூண் உள்ள 3 வோல்ட் எல்.இ.டி. பல்பு எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டுப் பாருங்கள், பழைய பல்பையும் மாதிரிக்குக் கொண்டுபோங்கள். போட்டும் எரியவில்லை என்றால் முனை மாறியிருக்கலாம், கட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பழைய பல்பின் இழை இருந்த இடத்தில் எல்.இ.டி. சரியாக உட்காராது, அதனால் ஒளி முன்போலக் குவியாமல் கொஞ்சம் அகலமாகச் சிதறும். பிள்ளைகள் கையில் கொடுக்க அந்த வெளிச்சம்தான் வேண்டும்.