அந்த மஞ்சள் பழத்தைத் தூக்கிப் போட்டுடாதேம்மா

பக்கத்து வீட்டு அம்மா ஒரு பை நிறைய மஞ்சள் பழம் கொடுத்தாங்க, கடிச்சா கல்லு மாதிரி இருக்கு, நாக்கெல்லாம் துவர்க்குது, குப்பையில போடலாமான்னு கேட்டிருக்கே. போடாதே தங்கச்சி! அது மர்மேலு, இங்கிலீஷ்ல குவின்ஸ்னு சொல்ற பழம். பச்சையா தின்கிற பழமே இல்லை. இலையுதிர் காலம் வந்தா போர்ச்சுகல்ல தோட்டம் இருக்கிற பல வீட்டிலேயும் இதுதான் குவிஞ்சு கிடக்கும். இதுல கிண்டுற மர்மெலாடாதான் இங்கிலீஷ்ல மார்மலேடுன்னு ஆச்சு. ஆனா நமக்குத் தெரிஞ்ச ஆரஞ்சு ஜாம் இல்லை. கத்தியால வெட்டித் தின்கிற அல்வா.

நான் போர்ச்சுகல்ல இந்த பிராகா ஊருக்கு வந்த புதுசுல பச்சையாவே தோல் சீவப்போய் கட்டைவிரலை வெட்டிக்கிட்டேன். அதனால முதல்ல பழத்து மேல இருக்கிற பஞ்சு மாதிரி சுணையைக் குழாயடியில தேய்ச்சுக் கழுவு. முழுசா அரை மணி நேரத்துக்கு மேல வேகவிடு. கத்தி சுலபமா இறங்கினதும் தோலும் நடுக்கொட்டையும் எடுத்துட்டு மசி. ஒரு கிலோ விழுதுக்கு 800 கிராம் சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. தோலையும் கொட்டையையும் எறியாதே. பழம் வெந்த தண்ணியிலேயே மறுபடி கொதிக்கவெச்சு வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினா அருமையான ஜெல்லி.

அடுப்பைச் சின்னதா வெச்சு, நீளக் காம்பு மரக்கரண்டியால கிண்டிக்கிட்டே இரு. கெட்டியாக ஆரம்பிச்சா குமிழ் வெடிச்சுக் கையில தெறிக்கும், நல்லாவே சுடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கோ. வெளிறின விழுது மெல்ல மெல்லச் செங்கல் நிறத்துக்கு வரும். அந்த நிறம் மாறுறதைப் பார்க்கவே நான் வருஷா வருஷம் காத்திருப்பேன். கரண்டியால சட்டியடியில ஒரு கோடு இழு. இரண்டு பக்கமும் உடனே மூடிக்காம நடுவுல அடி தெரிஞ்சா இறக்கிடலாம். இங்கே அந்தப் பதத்துக்குப் பேரே 'சாலைப் பதம்'.

சூட்டோட கிண்ணங்கள்ல ஊத்தி, மெல்லிய துணி போட்டு, வெயில் படுற ஜன்னலோரம் நாலைஞ்சு நாள் வை. மேல லேசா ஏடு கட்டினதும் வெண்ணெய்த்தாளால மூடிடு, மாசக்கணக்கா கெடாது. ஒரு துண்டு வெட்டி, உப்புச் சீஸோட ரொட்டியில வெச்சுச் சாப்பிட்டுப் பாரு.

முதல் கிண்ணத்தை அந்த அம்மாவுக்கே கொண்டு போ. போர்த்துகீசு வரலைன்னு கூச்சப்படாதே, 'ஃபெய்தா ஐம் காஸா'ன்னு சொன்னா போதும், வீட்டில செஞ்சதுன்னு அர்த்தம். நம்ம ஊர் மாதிரியேதான், அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது. எனக்கு முட்டைக்கோஸும் நாலு முட்டையும் வந்துச்சு.