ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும் முன்

கேள்வி: 2013இல் வாங்கிய லேப்டாப், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை வருவதில்லை. எஸ்எஸ்டி மாற்றலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: தாராளமாக மாற்றலாம், மேடம். ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முனை ஓடியோடித் தேட வேண்டும். எஸ்எஸ்டி என்பது சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க். அதில் அசையும் பாகமே கிடையாது, அதனால்தான் வேகம்.

ஆனால் எது வாங்குகிறீர்கள் என்பதில் கவனம். நான் அவசரப்பட்டு, சென்னை மவுண்ட் ரோடு பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில், சூயிங்கம் பட்டை போன்ற என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டியை வாங்கி வந்தேன். வீட்டில் லேப்டாப்பைத் திறந்தால் அதைச் செருக இடமே இல்லை! மறுபடி வெயிலில் மவுண்ட் ரோடு. உங்களுடையதற்குப் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா (பழைய ஹார்டு டிஸ்க்கின் அதே இணைப்பு வகை) எஸ்எஸ்டிதான் பொருந்தும். பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன் என்றால், 7 மி.மீ. எஸ்எஸ்டி உள்ளே ஆடும். கூடவே பிளாஸ்டிக் சட்டம் வந்தால் அதை ஒட்டிக்கொள்ளுங்கள். வேகம் நொடிக்கு 550 எம்பி என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பழைய சாட்டா 2 இணைப்பானால் 300ஐத் தாண்டாது. அதுவே உங்களுக்குப் போதும்.

முதலில் போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். அப்புறம் யுஎஸ்பி-சாட்டா கேபிளில் புதியதை மாட்டி, பழைய டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அப்படியே அதில் நகலெடுங்கள் (குளோன்). பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் முன் பேட்டரியை எடுத்துவிடுங்கள். திருகாணிகளை இட்லித் தட்டுக் குழிகளில் பிரித்து வையுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று இன்னும் சோபாவுக்கு அடியில்தான் இருக்கிறது.