ஆயுதக் கப்பலை யார் தடுப்பது?

கேள்வி: பொதுமக்கள் மீது குண்டு விழும் செய்தியைத் தினமும் படிக்கிறோம். அந்தக் குண்டை விற்ற நாட்டைக் கேள்வி கேட்க உலகில் யாருமே இல்லையா?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: சட்டம் இருக்கிறது, காவலர்தான் இல்லை. ஆயுத வர்த்தக உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2013 ஏப்ரல் 2 அன்று ஏற்றது. ஆதரவு 154, எதிர்ப்பு 3. இந்தியா, ரஷ்யா உள்ளிட்ட 23 நாடுகள் ஒதுங்கி நின்றன. இனப்படுகொலைக்கோ பொதுமக்களைத் தாக்கவோ ஆயுதம் பயன்படும் என்று தெரிந்தால், அதை அனுப்பவே கூடாது என்கிறது ஆறாவது பிரிவு. தெரிந்ததா, தெரியவில்லையா என்று தீர்மானிப்பதோ விற்கும் அரசேதான். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஆயுதச் சரக்கோடு இறுதிப் பயனர் சான்றிதழ் என்று ஒரு தாள் வரும். பொருள், எண்ணிக்கை, 'எங்கள் ராணுவத்துக்கு மட்டுமே, அனுமதியின்றி வேறு யாருக்கும் தரமாட்டோம்' என்ற உறுதிமொழி, கையெழுத்து, முத்திரை. யார் மீது சுடப்போகிறார்கள் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

2019 ஜூனில் பிரிட்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது. சவூதி தலைமையிலான கூட்டணி ஏமனில் ஏற்கெனவே போர்ச் சட்டத்தை மீறியதா என்று ஆராயாமலே சவூதிக்கு ஆயுதம் அனுப்ப அரசு உரிமம் கொடுத்தது சட்டவிரோதம் என்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் அரசு, நடந்தவை தொடர்பற்ற தனிச் சம்பவங்கள் என்று சொல்லி உரிமங்களை மறுபடி வழங்கத் தொடங்கியது. குண்டு விழுந்த வீட்டில் இருந்தவர்களிடம் 'தனிச் சம்பவம்' என்று சொல்ல எவருக்காவது நா எழுமா?

உடன்படிக்கை பிறப்பதற்கு முன்பே நடந்த ஒன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம். ஜிம்பாப்வேக்கான துப்பாக்கி ரவைகளும் ராக்கெட்டுகளும் ஏற்றிய சீனக் கப்பல் வந்து நிற்கிறது. ஜிம்பாப்வேயில் அதிபர் தேர்தல் முடிவை வெளியிடாமல் வைத்திருந்த நேரம் அது. அந்தப் பெட்டிகளைத் தொடமாட்டோம் என்றார்கள் துறைமுகத் தொழிலாளர்கள். சரக்கு நாட்டைக் கடந்து போக நீதிமன்றமும் தடை விதித்தது. கப்பல் இறக்காமலே நங்கூரம் தூக்கியது. சுமை தூக்கும் கைகளுக்குத் தெரிந்தது, உரிமத்தில் கையெழுத்திட்டவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

கேள்வி: சாதாரண வாசகர் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?
– ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐ.நா.வின் மரபுசார் ஆயுதப் பதிவேட்டில், ஐயா. அணு, இரசாயன ஆயுதங்கள் அல்லாத பெரிய ஆயுதங்களை யார் யாருக்கு விற்றார்கள் என்ற கணக்கு அது. 1991இல் ஏற்படுத்தப்பட்டது, டாங்கி, போர் விமானம், போர்க்கப்பல் என ஏழு வகைகள். கணக்குக் கொடுப்பது நாடுகளின் விருப்பம் என்பதால் ஓட்டைகள் நிறைய. ஆனாலும் ஒரே ஆண்டில் விற்றவர் சொன்ன எண்ணையும் வாங்கியவர் சொன்ன எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வரி கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள்.