நூலகத்திற்கு இரண்டு வாசல்கள்

கேள்வி: மகள் வீட்டில் தங்குவதற்காகக் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரத்துக்குப் போயிருந்தபோது, ஐந்து வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு அங்குள்ள மார்ட்டின் லூதர் கிங் நூலகத்துக்குச் சென்றேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. அடையாள அட்டையும் கேட்கவில்லை. அது ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகமும்கூட என்பது வீடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது. இது எப்படிச் சாத்தியமாயிற்று?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் சென்ற கட்டடம் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் அந்நகரத்தின் நகராட்சிக்கும் பொதுவானது. இரு தரப்பினரின் நூலகங்களிலும் இடம் போதவில்லை. தனித்தனியே பெரிய கட்டடம் எழுப்பும் அளவுக்கு இருவரிடமும் பணம் இல்லை. அந்த நிலையில்தான், சேர்ந்தே கட்டலாம் என்ற யோசனையை மேயர் சூசன் ஹேமரும் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் கேரட்டும் 1997இல் அறிவித்தார்கள். மாநில அரசின் நிதி, நகராட்சியின் மறுமேம்பாட்டு நிதி, நன்கொடைகள் ஆகியவற்றைச் சேர்த்து ஏறத்தாழ 17.75 கோடி டாலர் செலவில், 4,75,000 சதுர அடிப் பரப்பில் எட்டு மாடிகளாக எழுந்த நூலகம், 2003 ஆகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்டது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பேராசிரியர்களில் ஒரு பகுதியினர் இத்திட்டத்துக்கு எதிராக இயக்கமே நடத்தினார்கள். குழந்தைகளின் கூச்சலில் ஆய்வு நடக்குமா, ஆய்வுக்கு வேண்டிய நூல் அலமாரியில் இருக்குமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான விடையில் ஒரு பகுதியைக் கட்டடத்தின் அமைப்பிலேயே பார்க்கலாம். குழந்தைகள் பகுதி தரைத்தளத்தில் இருக்கிறது; மேலே போகப் போக அமைதி கூடி, ஆய்வு நூல்கள் வருகின்றன. ஒரு வாசல் தெருமுனையைப் பார்த்தும், மற்றொன்று பல்கலைக்கழக வளாகத்தைப் பார்த்தும் இருப்பதால், நகரத்தார் வளாகத்துக்குள் விருந்தினராக நுழைய வேண்டியதில்லை. தம் வாசல் வழியாகவே தம் நூலகத்துக்குள் வருகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது. கல்லூரிகள் ஊர் மக்களுக்கென்று ஓர் அரங்கத்தைக் கட்டி, விழா நாட்களில் மட்டும் அழைத்தால், அழைப்பு நின்றதும் வருகையும் நின்றுவிடும். இங்கே நகரத்துக்குக் கட்டடத்தில் பங்கும், அதை நடத்தும் செலவில் பொறுப்பும் இருப்பதால், அழைப்பே தேவைப்படவில்லை.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். பாடத்துக்கு வேண்டிய நூலை ஊரார் எடுத்துச் சென்றுவிட்டால் மாணவர்கள் என்ன செய்வார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது; தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நூல் கிடைக்காத தவிப்பு சாதாரணமானதல்ல. பேராசிரியர்கள் ஒரு பாடத்துக்கென ஒதுக்கச் சொல்லும் நூல்களைத் தனியே வைத்து, சில மணி நேரத்துக்கு மட்டும் தருவது பல்கலைக்கழக நூலகங்களின் வழக்கம். அதைத் தவிர, இரவல் தரும் நூல்களை நகர நூலக அட்டை வைத்திருப்பவரும் எடுக்கலாம் என்பதே சான் ஹொசேயின் ஏற்பாடு. அதே உரிமையில், நகரத்தின் தொகுப்பிலுள்ள நாவல்களையும், ஸ்பானிய, வியட்நாமிய மொழி நூல்களையும் மாணவர்கள் எடுத்துச் செல்கிறார்கள். வியட்நாமியக் குடும்பங்கள் மிகுந்த அந்நகரத்தில், தன் பாட்டிக்கு ஒரு நாவலும் தனக்கு ஒரு வேதியியல் நூலும் ஒரே இடத்தில் எடுத்துக்கொண்டு ஒரு மாணவி வீட்டுக்குப் போகலாம். வேறெந்தப் பல்கலைக்கழகத்தில் இது எளிதாக நடக்கும்? இங்கிலாந்தின் வூஸ்டர் பல்கலைக்கழகமும் அம்மாவட்ட நிர்வாகமும் 2012இல் திறந்த 'தி ஹைவ்' நூலகமும் இதே வழியில்தான் இயங்குகிறது.

தஞ்சாவூர் ஆசிரியைக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை செல்லும்போது, மெல் சின் என்ற கலைஞர் அந்நூலகத்தின் பல மாடிகளிலும் அமைத்துள்ள முப்பதுக்கும் மேற்பட்ட கலைப்பொருட்களைத் தேடிப் பாருங்கள். அவற்றில் ஒன்று, பார்ப்பதற்குச் சாதாரணப் புத்தக அலமாரி. தள்ளினால் கதவு போலச் சுழன்று வழிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பேத்தியிடமே விட்டுவிடுங்கள்.